மஞ்சள் மண்டிக் கம்ப்யூட்டருக்கு ஏஎம்டி கே6-3 பிளஸ்: இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் 1997 ஆகஸ்டில் வந்தது. நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு சென்னை போனார். ரிச்சி தெருவில் காலையிலிருந்து கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு கடையில் அசெம்பிள் பண்ணச் சொல்லி, முடியும்வரை காத்திருந்து, ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினோம். மானிட்டர் பெட்டியை பர்த்தில் வைத்துவிட்டு அப்பா விடியும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்தே வந்தார்.

இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போர்டு, பென்டியம் 133, 32 எம்பி ரேம், 2.1 ஜிபி ஹார்ட் டிஸ்க், எஸ்3 டிரையோ டிஸ்ப்ளே கார்டு, விண்டோஸ் 95. அந்தப் பெட்டி இன்றும் அப்பாவின் அறையில் ஓடுகிறது. சீமாஸ் பேட்டரியை நான்கு முறை மாற்றியிருக்கிறேன், எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு முறை, வீங்கிப்போன கெப்பாசிட்டர்களை ஒரு முறை. பிராசசரை மட்டும் போன வருடம் வரை தொடவில்லை. இப்போது அதில் ஓடுவது தலைப்பில் சொன்ன கே6-3 பிளஸ், இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் பிராசசர்.

தொடாமலே விட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பெட்டிக்கு இரண்டு வேலை. முதல் வேலை, அப்பாவின் கணக்கு. பெரியம்மா மகன் அண்ணன் கோவையில் இன்ஜினியரிங் படித்தபோது டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தான். விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, எந்த விவசாயிக்கு எவ்வளவு முன்பணம், கமிஷன் போக எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில் இருக்கிறது. மண்டியை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அப்பா வாரம் ஒரு முறையாவது அதைத் திறந்து பார்ப்பார். யாராவது பழைய ஆள் வீட்டுக்கு வந்தால், அவர் 1999இல் கொண்டுவந்த மூட்டைக் கணக்கை எடுத்துக் காட்டுவார். இரண்டாவது வேலை என்னுடையது. எம்பி3 பாட்டு, அந்தக் காலத்து விளையாட்டுகள், அந்தக் காலத்து மென்பொருள். பென்டியம் 133இல் எம்பி3 ஓடும். ஓடிக்கொண்டிருக்கும்போது வேறொரு விண்டோவைத் திறந்தால் பாட்டு திக்கும். இருபத்தைந்து வருடம் திக்கிய பாட்டையே கேட்டுவிட்டேன்.

எனக்குத் தேவைப்பட்டது வேகமான பிராசசர் மட்டும் இல்லை. வேண்டும்போது வேகமாகவும், வேண்டும்போது மெதுவாகவும் ஓடுகிற ஒன்று. இது புரிய எனக்கு இரண்டு பிராசசர்கள் ஆயின.

முதலில் வந்தது பென்டியம் எம்எம்எக்ஸ் 233

எங்கள் ஊரில் ஒரு காயலான் கடைக்காரர் பழைய போர்டுகளை எடைக்கு வாங்குகிறார். போய்க் கேட்டேன். "ஏனுங் தம்பி, இதை வெச்சு என்னங்க பண்ணப் போறீங்க? செராமிக் சிப்பெல்லாம் தங்கம் எடுக்கிறவங்க கிலோக்கணக்குல தூக்கிட்டுப் போயிடறாங்க" என்றார். பழைய பிராசசர்கள் இப்போது கிடைக்காமல் போவதற்கு அதுவே பெரிய காரணம். பழைய செராமிக் சிப்புகளின் பின்களிலும் உள்ளேயும் தங்கப்பூச்சு உண்டு. அதற்காக ஓடுகிற சிப்பையும் அமிலத்தில் போடுகிறார்கள். எனக்குக் கிடைத்தது பிளாஸ்டிக் உறையில் வந்த எம்எம்எக்ஸ் 233. தங்கக்காரர்கள் அதைத் தொடவில்லை. 250 ரூபாய்.

இது 1997 ஜூனில் வெளிவந்த சிப். சாக்கெட் 7 என்ற பிராசசர் குழிக்கு இன்டெல் கடைசியாகப் போட்ட மேஜைக் கணினிப் பிராசசர்களில் ஒன்று. பழைய பென்டியத்துக்கு 3.3 வோல்ட் ஒன்றே போதும். எம்எம்எக்ஸுக்கு உள்ளுக்கு 2.8, வெளியே 3.3 என்று இரண்டு வேண்டும். போர்டு இந்த இரட்டை வோல்டேஜைத் தருமா என்று பார்க்காமல் மாட்டினால் சிப் கருகிவிடலாம். 430டிஎக்ஸ் போர்டுகளில் பொதுவாக இது இருக்கும். அப்புறம் மல்டிபிளையர், அதாவது போர்டின் பஸ் வேகத்தைப் போல பிராசசர் எத்தனை மடங்கில் ஓட வேண்டும் என்ற எண். 233 என்பது 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸின் 3.5 மடங்கு. ஆனால் பல போர்டுகளில் 3.5 என்று ஜம்பர் (இரண்டு பின்களை இணைத்து அமைப்பை மாற்றும் சிறு தொப்பி) வைக்க இடமே இருக்காது. 1.5 என்ற இடத்தில் வைத்தால் இந்தச் சிப் அதை 3.5 என்று எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் ஜம்பர் தேடித் தேடி ஒரு மாலை போனவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

எம்எம்எக்ஸ் 233 நல்ல சிப். இதை மனதாரச் சொல்கிறேன். எல்1 கேஷ், அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு அதிவேக மெமரி, பழைய பென்டியத்தில் 16 கேபி, இதில் 32 கேபி. பாட்டு திக்குவது நின்றது. முப்பரிமாண விளையாட்டுகளுக்குத் தேவையான தசமக் கணக்கில் இன்டெல்தான் அப்போது ராஜா. மாட்டினால் ஓடும், ஒரு தலைவலியும் இல்லை. உங்களிடம் 1997, 98 காலத்துப் பெட்டி இருந்து, விண்டோஸ் 95 கொஞ்சம் சுறுசுறுப்பாக ஓடினால் போதும் என்றால், இதை வாங்கிப் போட்டுவிட்டு மேலே படிப்பதை நிறுத்திவிடலாம்.

எனக்குக் குறையாகப் பட்டது இரண்டு. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பெட்டியைத் திறந்து ஜம்பரை மாற்ற வேண்டும். இன்னொன்று ரேம் விஷயம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

கே6-2 400

அடுத்து திருப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த ஏஎம்டி கே6-2 400ஐக் கொடுத்தார். எம்எம்எக்ஸ் போலவே இதிலும் ஒரு ஜம்பர் விளையாட்டு உண்டு. 2 மடங்கு என்று வைத்தால் கே6-2 அதை 6 மடங்காக எடுத்துக்கொள்ளும். எங்கள் பென்டியம் 133 ஓடியது 66இன் 2 மடங்கில்தான். ஆக மல்டிபிளையர் ஜம்பரைத் தொடவே வேண்டியதில்லை. வோல்டேஜை 2.2க்கு மாற்றி, சிப்பை மாட்டினால் 400. அந்த எண்ணைத் திரையில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

பிறகு விண்டோஸ் 95 தொடங்கியது, லோகோ வந்தது, கறுப்புத் திரையில் 'விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர்' என்று நின்றது. கே6-2 350 மெகாஹெர்ட்ஸையும் அதற்கு மேலும் போனால் விண்டோஸ் 95இல் வருகிற கோளாறு இது. விண்டோஸின் உள்ளே காலத்தை அளக்க ஒரு சுற்று வைத்திருக்கிறார்கள். கே6 அந்தச் சுற்றை மிக வேகமாக முடித்துவிடுவதால் வகுத்தல் கணக்கு உடைகிறது. இதற்கு ஒட்டுக் கோப்பு (பேட்ச்) உண்டு. விண்டோஸ் 98க்கு அதுவும் தேவையில்லை. சரி, அதைப் போட்டுத் தாண்டினேன்.

அடுத்து அப்பா வந்து உட்கார்ந்து கணக்கைத் திறந்தார். 'ரன்டைம் எரர் 200'. மறுபடி திறந்தார். மறுபடி அதே. என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன கண்ணு பண்ணுன?" என்றார். அந்தக் கேள்வி எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

நடந்தது இதுதான். பழைய பிசியின் டைமர் நொடிக்கு 18.2 முறை துடிக்கும். அதாவது 55 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு. டர்போ பாஸ்கலின் சிஆர்டி பகுதி நிரல் தொடங்கியதும் ஒரு துடிப்புக்குள் தன்னால் எத்தனை சுற்று ஓட முடிகிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுத்து வைத்துக்கொள்ளும். விடை 16 பிட்டுக்குள், அதாவது 65,535க்குள் அடங்க வேண்டும். எழுதியவர்கள் வீட்டு மேஜையில் இவ்வளவு வேகம் வரும் என்று நினைக்கவில்லை. விடை அடங்காமல் வழிந்ததும் பூஜ்ஜியத்தால் வகுத்துவிட்டாய் என்று எரர் 200 போட்டு நிரல் செத்துவிடுகிறது. நிரலின் உள்ளே கைவைத்து இதைச் சரிசெய்யும் சிறு கருவிகள் இருக்கின்றன. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அண்ணன் எழுதிக் கொடுத்த கோப்பு, அவன் தொகுத்த தேதியோடு அப்படியே இருக்கிறது. அதில் ஒரு பைட் மாறக்கூடாது.

கே6-2இல் இன்னொரு கவலையும் இருந்தது. எங்கள் போர்டில் வோல்டேஜைக் குறைப்பது லீனியர் ரெகுலேட்டர். 5 வோல்ட்டை 2.2 ஆக்கும்போது மிச்சம் 2.8 வோல்ட்டையும் சூடாகத்தான் வெளியே தள்ளும். பிராசசர் 8 ஆம்பியர் இழுத்தால் அந்த ரெகுலேட்டரில் மட்டும் 22 வாட் சூடு. கால் மணி நேரம் கழித்து அதன் ஹீட்சிங்கில் விரல் வைக்க முடியவில்லை. கழற்றி நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கே6-3 பிளஸ்

அதற்கு அப்புறம்தான் இதைத் தேடினேன். கே6-3 பிளஸ் 2000இல் வெளிவந்தது, மடிக்கணினிகளுக்காக. அதற்கு முந்தைய வருடமே ஏஎம்டியின் அடுத்த பிராசசரான அத்லான் வந்துவிட்டதால் மேஜைக் கணினிக்காரர்கள் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பின் அமைப்பு அதே சாக்கெட் 7தான். பென்டியம் 133இல் 33 லட்சம் டிரான்சிஸ்டர், இதில் 2 கோடிக்கு மேல். இரண்டும் ஒரே குழியில் உட்காருகின்றன. கே6-2 0.25 மைக்ரானில் செய்தது, இது 0.18 மைக்ரானில். அதனால் சூடு குறைவு. வோல்டேஜ் 2.0.

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் 450 மெகாஹெர்ட்ஸ் ரகம் வாங்கினேன். சுங்க வரியும் சேர்த்து 7,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆனது. ஓட்டிப் பார்த்துச் சோதித்தது என்று எழுதியிருந்தார். வந்த உறையில் ஒரு சுற்று குமிழித்தாள் மட்டுமே. மூலையில் மூன்று பின்கள் வளைந்திருந்தன. 321 பின் இருக்கிற பொருளைக் கறுப்பு ஃபோமில் குத்தி அனுப்ப வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாதா என்று கோபமாக வந்தது. லெட் பென்சிலின் காலி முனையைப் பின்னில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஒன்றும் முறியவில்லை. நீங்கள் வாங்கினால் எப்படிக் கட்டி அனுப்ப வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

போர்டின் கையேட்டில் 2.1 வோல்ட் என்று எதுவும் இல்லை. ஒரு ஜம்பர் அமைப்புக்கு எதிரே 'ரிசர்வ்டு' என்று மட்டும் போட்டிருந்தது. சாக்கெட்டைக் காலியாக வைத்து, அந்த அமைப்பில் ஜம்பரைப் போட்டு, ரெகுலேட்டர் முனையில் மல்டிமீட்டர் வைத்தேன். 2.08. இந்தச் சிப் 1.9 முதல் 2.1 வரை தாங்கும். போதும். உங்கள் போர்டிலும் கையேட்டை நம்பி நிற்காமல் அளந்து பாருங்கள். ஆனால் அளக்காமல் மட்டும் மாட்டாதீர்கள்.

மாட்டினேன். போர்டின் தொடக்க நிரலான பயாஸ் 1997இல் எழுதியது, அதற்கு இந்தச் சிப்பின் பெயர் தெரியவில்லை. வெறும் கே6 என்றும், ஏதோ ஒரு வேகத்தையும் காட்டியது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். உள்ளே 66இன் 6 மடங்கு, 400இல் ஓடிக்கொண்டிருந்தது. 450 ரகத்துக்கு 400 என்பது குறைவுதான். என் போர்டின் பஸ் 66தான், அதற்குமேல் இழுக்க எனக்கு ஆசையும் இல்லை. கால் மணி நேரம் கழித்து ரெகுலேட்டரில் விரல் வைத்தேன். சூடு இருந்தது, விரலை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது இந்தச் சிப்பை நான் தேடியதற்கான காரணம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இதன் மல்டிபிளையரை மென்பொருள் வழியாக மாற்றலாம். மடிக்கணினியில் பேட்டரியை மிச்சப்படுத்த ஏஎம்டி வைத்த வசதி அது. விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் செட்மல் என்று ஒரு சிறிய நிரல் இருக்கிறது. ஒரு வரி தட்டினால் 6 மடங்கு 2 ஆகிவிடும். 66இன் 2 மடங்கு 133. அதாவது அப்பாவின் பழைய பென்டியத்தின் அதே எண்.

கான்ஃபிக் கோப்பில் ஒரு மெனு எழுதினேன். பெட்டியைப் போட்டதும் மூன்று வரி வரும். முதல் வரி மண்டிக் கணக்கு: 133க்கு இறங்கி, நேராக அண்ணனின் நிரல் திறக்கும். எரர் 200 இல்லை. இரண்டாவது விண்டோஸ், 400இல். மூன்றாவது பழைய விளையாட்டு: 133க்கு இறங்கி, அதோடு எல்1 கேஷையும் அணைத்துவிடும். கேஷ் அணைந்ததும் பழைய 386 பிராசசர் நாட்களின் வேகத்துக்கு அருகே போய்விடுகிறது. வேகத்தை நம்பி எழுதிய பழைய விளையாட்டுகள் பல மறுபடி மனிதர் ஆடும் நிலைக்கு வந்தன. பள்ளிக்கூட லேபில் ஆடிய டிக்கர் மட்டும் அடங்கவில்லை. அது 386க்கும் முந்தைய 8088 பிராசசர் காலத்தது, இந்த வேகமும் அதற்கு அதிகம்.

இனி அந்த ரேம் விஷயம். 430டிஎக்ஸ் சிப்செட் முதல் 64 எம்பிக்கு மட்டுமே போர்டில் இருக்கும் கேஷைப் பயன்படுத்தும். அதற்குமேல் ரேம் போட்டால் அந்தப் பகுதிக்குக் கேஷ் கிடையாது. விண்டோஸ் 95 வேறு மெமரியை மேல்முனையிலிருந்து எடுக்கத் தொடங்கும். எம்எம்எக்ஸ் இருந்தபோது ஆசையாக 128 எம்பி போட்டேன். 64இல் இருந்ததைவிட மந்தமாகத் தெரிந்தது. கே6-3 பிளஸ் தன் உள்ளேயே 256 கேபி எல்2 (இரண்டாம் அடுக்கு) கேஷ் வைத்திருக்கிறது, பிராசசரின் முழு வேகத்தில். அதற்கு இந்த 64 எம்பி எல்லை கிடையாது. போர்டில் இருக்கும் 512 கேபி மூன்றாம் அடுக்காக ஒதுங்கிக்கொள்கிறது. அதே 128 எம்பியை மறுபடி போட்டேன். பாட்டு ஓட ஓட, அப்பா முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டிய பழைய கடிதங்களைத் திறந்து அச்சுக்கு அனுப்பினேன். ஒரு இடத்திலும் திக்கவில்லை. மெகாஹெர்ட்ஸ் எண்ணைவிட இந்த உள் கேஷ்தான் அன்றாடம் கைக்குத் தெரிகிற மாற்றம்.

குறைகளும் உண்டு. தசமக் கணக்கில் கே6 குடும்பம் முழுவதுமே இன்டெலுக்குக் கொஞ்சம் பின்தங்கியது. குவேக் மாதிரி விளையாட்டில் 233இலிருந்து 400க்குப் போன அளவுக்கு ஓட்டம் ஏறவில்லை. அதற்காக மட்டும் 7,000 கொடுக்காதீர்கள். பயாஸ் இந்தச் சிப்பை அறியாததால் 'ரைட் அலகேஷன்' என்ற வசதியை நாமே ஒரு சிறு நிரலால் இயக்க வேண்டியிருந்தது. பெட்டி தொடங்கும்போது தானே ஓடும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ஒரு முறை எழுதி வைத்தால் அப்புறம் மறந்துவிடலாம். விலையும் பெரிய குறை. அதே மல்டிபிளையர் வசதி கே6-2 பிளஸ் சிப்பிலும் இருக்கிறது, உள் கேஷ் மட்டும் 128 கேபி. அது மலிவாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பெயரில் 'பிளஸ்' இருக்கிறதா என்று சிப்பின் மேல் அச்சில் பாருங்கள். வெறும் கே6-2இலும் வெறும் கே6-3இலும் இந்த வசதி இல்லை.

உங்கள் போர்டு 3.3 வோல்ட் ஒன்றை மட்டுமே தரும் 1995, 96 காலத்தது என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதற்கு வழி இரண்டு. வோல்டேஜ் குறைப்பானைத் தன் மேலேயே சுமந்து வரும் இன்டெல் ஓவர்டிரைவ் எம்எம்எக்ஸ், அல்லது ஒற்றை வோல்டேஜில் ஓடும் ஐடிடி வின்சிப். இரண்டையும் நான் ஓட்டியதில்லை. சிரிக்ஸ் 6எக்ஸ்86ஐ ஒரு காலத்தில் நண்பர் வீட்டில் ஓட்டியிருக்கிறேன். பிஆர்166 பிளஸ் என்று பெயர், உண்மையில் 133இல் ஓடும். அலுவலக வேலைக்கு நன்றாக இருந்தது, சூடும் நன்றாக இருந்தது.

அப்பா இப்போது மெனுவில் முதல் வரியைத்தான் தேர்ந்தெடுக்கிறார். போன வாரம் சிவகிரிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். 1999 தை மாதக் கணக்கில் அவர் பெயரில் விரலி பதினாறு மூட்டை, கிழங்கு நான்கு. முன்பணம் நேராகிவிட்டது. டாட் மேட்ரிக்ஸில் ஒரு தாள் எடுத்துக் கொடுத்தோம், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கழற்றிய பென்டியம் 133ஐக் கறுப்பு ஃபோமில் குத்தி, 1997இல் அது வந்த அதே பெட்டியில் போட்டு, அப்பாவின் பீரோவில் வைத்திருக்கிறேன்.